பச்சைக்கு ஓர் உதாரணம்

“லீவா? ‘பச்சை’யை முடிக்காமலேயா?”

அகராதி அலுவலகத்தின் கண்ணாடி அறை. தலைமைப் பதிப்பாசிரியர் தலையை நிமிர்த்தவில்லை. அவர் கையிலிருந்த சிவப்பு மைப் பேனாதான் நிமிர்ந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துத் தள்ளுவதால் அந்த அம்மாளுக்கு அலுவலகம் முழுக்க ‘சிவப்பு மை’ என்றுதான் பெயர்.

எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்றான் புதுசு. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியும் அவனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

“மேடம், ரொம்ப அவசரம். வீட்டில...”

“வருஷம் முடியாதவங்களுக்கு லீவு கிடையாது. சேரும்போது படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க? எழுதினதைக் காட்டுங்க.”

காட்டினான். ‘பச்சை: இலை, புல் முதலியவற்றின் நிறம்.’

ஒரே கோடு. முழுசாக அடித்துவிட்டார்.

“பச்சைத் தண்ணிங்கிறோம். அது என்ன இலை நிறத்திலயா இருக்கு? பச்சைப் புண்? பச்சைக் குழந்தை? பச்சைப் பொய்? ஒண்ணுக்காவது உதாரணம் இருக்கா? மேஜையைக் கட்டிக்கிட்டு அழுதா இப்படித்தான். களப்பணிக்குப் போங்க. ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி வார்டில காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உட்காருங்க. ஜனங்க பேசுறதைக் காது கொடுத்துக் கேளுங்க.”

வெளியே வந்த புதுசுக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின நாள்தான் அவன் மனைவிக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்திருந்தது. துணைக்கு ஓர் ஆள் கிடையாது. அதைச் சொல்ல விடாமல் விரட்டிய புண்ணியவதி, தன்னையறியாமல் அவனை அங்கேயே அனுப்பிவைக்கிறார்! எந்த ஆஸ்பத்திரி என்று அவர் கேட்கவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை.

“ஏங்க, ஆபீஸ்ல என்ன சொல்லிட்டு வந்தீங்க?” ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி மனைவி கேட்டாள்.

“களப்பணின்னு.”

“பொய் சொல்லி மாட்டிக்கப்போறீங்க.”

மனசு குறுகுறுத்தது. அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்தான்.

“பச்சை உடம்பும்மா, தடால்னு எழுந்திரிக்காதே,” என்றாள் நர்ஸ். தையலைப் பார்த்துவிட்டு, “இன்னும் பச்சைப் புண்ணாத்தான் இருக்கு,” என்றாள்.

அடுத்த கட்டிலில் ஒருத்தி புருஷனை அதட்டினாள். “பச்சைப் புள்ளைய இப்படியா தூக்குறது?”

அவன் தன் மகளைப் பார்த்தான். மூடிய கைக்குள் மெதுவாக விரலை நுழைத்தான். பிடித்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு கிளை துளிர் விட்டிருந்தது.

அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

துளிர், குழந்தை, ஆறாத காயம், பிள்ளை பெற்ற உடம்பு, அடுப்பைக் காணாத தண்ணீர். இத்தனையும் ஒரே சொல்லுக்குள்ளா? எதுவும் இன்னும் காயவில்லை, வேகவில்லை, முற்றவில்லை. அந்தச் சொல் முதலில் இதைத்தான் சொல்லியிருக்குமோ? நிறம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டதோ? எந்தக் காலத்தில், எந்த மனுஷன், எந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இதை முதன்முதலாகச் சொன்னானோ! பேசத் தெரிந்த நாளிலிருந்து வாயில் வைத்திருந்த சொல்லின் முன்னால் இப்போது வாயடைத்து உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தான். சிவப்பு மை இரண்டு முறை படித்தார். பேனாவை மூடி வைத்தார். அப்பாடா என்று அவன் மூச்சு விடுவதற்குள், “பச்சைப் பொய்க்கு உதாரணம் எங்கே? போதாது. நாளைக்கும் போங்க,” என்றார்.

மறுநாளும் போதாது. அதற்கடுத்த நாளும் போதாது.

“ஈவு இரக்கமே இல்லாத பொம்பளை,” என்று பக்கத்து மேஜைக்காரர்கள் பரிதாபப்பட்டார்கள். புதுசு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். நல்லா ஏமாத்துறோம்!

அந்த வாரக் கடைசியில் மாடிப்படியில் அச்சகக்காரர் எதிரே வந்தார். அவன் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, இப்பப்போயி பச்சையை எழுதிட்டிருக்கீங்க? ‘ப’ வரிசை மொத்தமும் போன மாசமே அச்சாகி பைண்டிங்குக்குப் போயாச்சே! மேடம்தானே கையெழுத்துப் போட்டு அனுப்பினாங்க?”

புதுசு படியிலேயே நின்றுவிட்டான். பிறகு மெல்லக் கண்ணாடி அறைக்குள் போனான்.

சிவப்பு மை தலை நிமிராமல் கேட்டார். “உங்க வீட்டம்மாவுக்குத் தையல் பிரிச்சாச்சா?”

“நா... நாளைக்கு, மேடம்.”

“சரி. அடுத்து ‘பால்’ எழுதணும். அதுக்கும் களப்பணிதான். கிளம்புங்க.”

பச்சைப் பொய்க்கு அவன் தேடிக்கொண்டிருந்த உதாரணம், எதிரே உட்கார்ந்து எதையோ சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருந்தது.