எண்பத்தொன்றில் ஒரு பங்கு

"நிலாவை யார் விட்டது?"

ஜெயபாண்டி கேட்டதும் யாரும் நிமிரவில்லை. பாளையம்பட்டியில் பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் அந்தச் சின்னக் கம்பெனிக்கு அவர் முதலாளி. விண்கலங்கள் போக வேண்டிய பாதையைக் கணக்குப் போட்டுக் கொடுப்பது தொழில்.

வேலை கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து காலையில் மெயில் வந்திருந்தது. சூரியன் ஒரு பக்கம், பூமி ஒரு பக்கம் இழுக்க, பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி ஓரிடத்தில் விண்கலம் பூமியோடு கூடவே வர வேண்டும். அந்த இடத்தை இவர்கள் ஆறாயிரம் கிலோமீட்டர் மாற்றிக் குறித்திருந்தார்கள்.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க மதன்."

மதன்குமார் எழுந்தான். அங்கே எல்லோருக்கும் மூத்தவன் அவன்தான்.

"சூரியன், பூமி, விண்கலம். இந்த மூணை வச்சுத்தான் சார் கணக்கு. பூமிக்கு எடை போடுறப்ப நிலாவையும் அதோட சேத்துப் போடணும். எண்பத்தொண்ணுல ஒரு பங்குதான் நிலா. ஆனா அதை விட்டுட்டா எடம் தள்ளிப்போயிரும். இல்லாத எடத்தைப் புடிச்சு நிக்கிறதுக்காகக் கலம் எரிபொருளை எரிச்சுக்கிட்டே கெடக்கும்."

"பெரிய தப்பா, சின்னத் தப்பா?"

"முதல் வருசம் படிக்கிறவன்கூடப் பண்ண மாட்டான் சார்."

"அப்ப பண்ணது யாரு?"

"நான்தான் சார்," என்றாள் சத்யபிரியா.

திருச்சுழிப் பக்கத்துப் பெண். அவளுடைய அப்பா, மதன்குமார் வீட்டுப் புஞ்சையில் வேலை பார்த்தவர். மதன்குமாரின் சிபாரிசில்தான் போன வருஷம் அவள் சேர்ந்தாள். அதை அவன் நாலு பேரிடம் சொல்லவும் செய்வான். இப்போது எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் அவனுக்கு இருந்தது.

"ஏம்மா, மதனோட அப்பா தவறுனப்ப நீயும் போயிருந்தேல்ல?" என்றார் ஜெயபாண்டி.

"போனேன் சார்."

"மூணாம் நாள் சுடுகாட்டுல பாலை ஊத்திட்டு, நேரா இங்க வந்து உக்காந்தாரு அவரு. அதுக்குப் பேரு வேலை. உனக்கு என்னம்மா கஷ்டம் வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல சார்."

"அப்ப நாளையிலேர்ந்து வர வேணாம்."

திட்டு மட்டும்தான் விழும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். ஒரு நொடி அவள் உதடு அசைந்தது. மதன்குமார் தன் வாட்ச்சைப் பார்த்தான். அவள் தன் பையை எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய அடையாள அட்டையை வாங்கி வைக்கும் வேலையும் அவனுக்குத்தான் வந்தது. படிக்கட்டு வரை கூடப் போனான்.

"சந்தேகம்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல பிரியா?"

"கேட்டிருக்கலாம்ண்ணே."

"உன்னயச் சேத்துவிட்டது நான். இனி உங்க பக்கத்துலேர்ந்து இன்னொரு பிள்ளைக்கு நான் எப்படிச் சொல்லுவேன்?"

அவள் ஒரு படி இறங்கி நின்றாள்.

"வீட்டுல என்ன வேணா நடக்கட்டும். கணக்குல உக்காந்துட்டா மனசு கணக்குல இருக்கணும்," என்றான்.

"சில நாள் இருக்காதுண்ணே," என்றாள்.

"இந்தப் பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்ல."

அட்டையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். "அம்மா எப்படி இருக்காக? இப்பவாச்சும் சாப்பிடுறாகளா?" என்று கேட்டாள்.

"அவுக இருக்காக. நீ உன் வழியைப் பாரு."

அவள் இறங்கிப் போனாள். கீழே பஸ்ஸுக்கு ரோட்டைக் கடந்தாள். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் இழுத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு அவன் உள்ளே வந்தான்.

ஜெயபாண்டி வாசலிலேயே நின்றிருந்தார். "வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு லெட்டர் போட்டுருங்க மதன். தப்புப் பண்ண ஆளை வேலையை விட்டு எடுத்தாச்சுன்னு எழுதுங்க. அந்த ஃபைலை யார் யார் தொட்டாங்கன்னு ஒரு பட்டியல் வரும்ல, அதையும் சேத்து அனுப்புங்க. நாம எதையும் மறைக்கலைன்னு தெரியணும்."

"சரி சார்."

மதன்குமார் கடிதத்தை எழுதினான். கறாராக, வருத்தமாக, நாலே வரி. இரண்டு முறை படித்துப் பார்த்தான். நன்றாகத்தான் வந்திருந்தது. பிறகு பட்டியலைத் திறந்தான்.

மொத்தமே இரண்டு வரி.

மேல் வரி இன்றைய தேதி. காலை 9.12. நிலாவின் எடை சேர்க்கப்பட்டது. திருத்தியவர்: சத்யபிரியா.

ஜெயபாண்டி எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டது பத்து மணிக்கு. அதற்கு முன்பே ஓசைப்படாமல் சரிசெய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டான்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்த வந்தால், முதலில் எழுதியவரின் பெயரும் தேதியும் திரையில் வந்து நிற்கும். "பார்த்தேன்" என்று அழுத்தினால்தான் ஃபைல் திறக்கும். ஆள் தெரியாமல் யாரும் கை வைக்கக் கூடாது என்று, அப்படி அமைத்தவன் மதன்குமாரேதான்.

அவன் கீழ் வரிக்கு வந்தான்.

ஏப்ரல் பதினொன்று, காலை 10.40. அப்பாவுக்குப் பால் ஊற்றிவிட்டு அவன் வேலைக்கு வந்த நாள். நிலா இல்லாமல் எடை போட்டவர்: மதன்குமார்.