பாட்டில் கேலி இல்லாத நாள்

கரைவலைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஷஹாத்தா பாடினான்.

"நம்ம ரயிஸு சிங்கம். அவரு கை தாராளம்."

"தாராளம், தாராளம்" என்று பின்பாட்டுப் பாடியபடி மற்றவர்கள் இழுத்தார்கள்.

தண்ணீரோரம் நின்ற பயூமிக்கு மார்பு நிமிர்ந்தது. அவன்தான் அந்த ரயிஸ், வலைக்குத் தலைவன். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு வந்த பதவி. இன்றுதான் ஒரு நல்ல வார்த்தை காதில் விழுகிறது.

அபூகீர் கரையில் இழுவைப் பாட்டு என்றாலே ரயிஸைக் கிண்டல் பண்ணுவதுதான். வலை கடலில் கிடக்கிறவரை ரயிஸ் கோபப்படக் கூடாது. கயிறு உரித்த தோளுக்கு அந்தக் கிண்டல் ஒன்றுதான் மருந்து.

நேற்று ஷஹாத்தா, ரயிஸ் போட்ட கத்தலில் மீனெல்லாம் சைப்ரஸுக்கு ஓடிவிட்டது என்று பாடினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பயூமி பாதி இழுவையில் அவனைக் கயிற்றை விடச் சொல்லி, மணலில் உட்கார வைத்தான்.

சிரிப்பு அதோடு நின்றது. அடங்கிவிட்டார்கள் என்று நினைத்தான்.

அடங்கித்தான் ஆகவேண்டும். பக்கத்துக் கரையில் புது வலைக்கு ஆள் தேடுகிறார்களாம். பிடி தளர்ந்து இவர்களும் அங்கே போய்விட்டால் இந்த வலையை இழுக்க யார் இருக்கிறார்கள்? ஆளில்லாத ரயிஸை யார் ரயிஸ் என்பார்கள்?

"அவரு பேச்சு தேனு" என்றான் ஷஹாத்தா.

"தேனு, தேனு."

என் பேச்சா? பயூமி அவர்கள் முகங்களைப் பார்த்தான். எல்லோரும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடிப்போய்க் கயிற்றின் வாலைப் பிடித்தான். தானே பாட்டில் ஒரு அடி எடுத்துக் கொடுத்தான். "ரயிஸுக்கு வாய் ரெண்டு, காதுதான் இல்ல."

யாரும் வாங்கிப் பாடவில்லை. முன்னால் நின்றவன் கொஞ்சம் விலகி இடம் விட்டான்.

"உங்களுக்கு எதுக்கு ரயிஸ் இந்தக் கஷ்டம், விடுங்க" என்றான் ஷஹாத்தா. மரியாதையாகத்தான் சொன்னான். திரும்பிப் பார்க்கவில்லை.

வலையின் மடி கரையேறியது. நல்ல மீன்.

பயூமியும் பாட்டுக்காரனாக இருந்தவன்தான். பழைய ரயிஸின் தொப்பையைப் பாடிப் பாடியே பேர் வாங்கினவன்.

அந்த மனுஷனை ஒரே ஒரு நாள்தான் புகழ்ந்து பாடியிருக்கிறான். மறுநாளிலிருந்து வேறொரு ரயிஸிடம் போய்க் கயிறு பிடிப்பதாகப் பேசி முடித்துவிட்டு வந்த நாள் அது.