ஸ்டோர் ரூம் சுவிட்ச்

"பிரிட்ஜ் வேண்டாம்பா. ஸ்டோர் ரூமுக்குக் கொடு."

கணவர் சொன்னது காதில் விழுந்ததும், அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியோடு நடைக்கு வந்துவிட்டாள். எலக்ட்ரீஷியன் அவளைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

நடைச் சுவரில் மெயின் போர்டு. அதன் கீழே புதிதாக வாங்கிய பேட்டரிப் பெட்டி, கைப்பிடி வைத்த சூட்கேஸ் மாதிரி. அதை வீட்டு வயரிங்கோடு சேர்க்கத்தான் எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். லைன் கரண்ட்டும் பெட்டிக் கரண்ட்டும் கலந்துவிடக் கூடாதென்று நடுவில் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்தாகிவிட்டது. கரண்ட் போனால் அதைப் பெட்டிப் பக்கம் தள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பெட்டி மூன்று இடம்தான் தாங்கும் என்றார். ஹாலும் படுக்கையறையும் முடிவாகிவிட்டன. மூன்றாவதில்தான் தகராறு.

"ஸ்டோர் ரூம்ல என்னங்க இருக்கு? கிழிஞ்ச பாயும் உடைஞ்ச நாற்காலியும். அதுங்களுக்குப் புழுங்குதா?"

"எதையாவது தேடணும்னா வெளிச்சம் வேண்டாமா?"

"அங்க பல்பு ஃபியூஸ் போய் எத்தனையோ மாசம் ஆச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எலக்ட்ரீஷியன் பேச்சை மாற்ற நினைத்து, ஸ்டோர் லைனிலிருந்து பழைய வயர் ஒன்று சுவருக்குள் எங்கேயோ போகிறதே என்று ஆரம்பித்தார். போனால் போகட்டும், வேலையைப் பார் என்று கணவர் கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டார்.

விடிவதற்குள் எழுந்து, ஆபீஸ் ஆட்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறவள் அவள். தினமும் கரண்ட் போகிறது. போனால் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. வாங்கி வைத்த கறியையும் பாலையும் எத்தனை தடவை கீழே கொட்டுவது? போன வாரம் சாப்பிட்டவர் ஒருவருக்கு வயிறு கெட்டுப்போய், மறுநாளே வேறு இடத்தில் சாப்பாடு சொல்லிவிட்டார். இன்னும் ஒருவருக்கு அப்படி ஆனால் தொழிலுக்கே முழுக்குப் போட வேண்டியதுதான். அது இந்த மனுஷனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் செய்கிறார். அதனால்தான் சண்டை போடக்கூட அலுப்பாக இருந்தது. திரும்பிப் போய்க் காயை நறுக்கினாள்.

நடைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தனின் வீடு. ஒரே வீடாக இருந்ததைப் பாகம் பிரித்து, நடுவில் மெல்லிசாக ஒரு சுவரை எழுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அவள் வாசலில் நின்று சொன்னது தெருவுக்கே கேட்டது.

"இனிமே அந்தப் பக்கத்து மூச்சுக் காத்துகூட இந்தப் பக்கம் படக் கூடாது."

படவில்லை. பஞ்சு குடோனில் வேலை பார்த்துப் பார்த்துக் கொழுந்தனுக்கு நெஞ்சு கெட்டுப்போய்விட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கணவரும் அதன் பிறகு தம்பி பேச்சையே எடுத்ததில்லை. மற்ற எதில் எப்படியோ, இந்த ஒரு விஷயத்தில் அவர் தன் பக்கம் என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். பிரிட்ஜ் நிறைய மறுநாள் சமையலுக்கான சாமான். கரண்ட் போயிற்று.

நடைக்குப் போய் சேஞ்ச் ஓவரைத் தள்ளினாள். ஹாலில் ஃபேன் ஓடவில்லை, படுக்கையறையில் விளக்கு எரியவில்லை, எல்லாம் அணைத்தபடியே இருந்தது. ஆனாலும் பெட்டியின் சின்னத் திரையில் கரண்ட் செலவைக் காட்டும் எண் ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயோ, எதுவோ, தண்டமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

இன்றைக்கு விடுவதாக இல்லை. எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, பிரிட்ஜைப் பெட்டியிலேயே நேராகச் செருகினாள். பெட்டி தாங்காமல் கீ கீ என்று கத்தியது. அவ்வளவுதானே? மெயின் போர்டில் ஸ்டோர் ரூம் சுவிட்சை அணைத்தாள். கத்தல் நின்றது. பிரிட்ஜ் சமத்தாக ஓடியது.

"இதுக்கா இத்தனை கூத்து" என்று சொல்லிக்கொண்டே அங்கேயே தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, சுவரில் தலையைச் சாய்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறாள். கண்ணைச் சொருகியது.

டொக், டொக்.

சுவருக்குள்ளிருந்து வந்தது சத்தம். எலியாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடியும் தட்டியது, காதுக்குப் பக்கத்திலேயே. பிறகு, பழைய வயர் நுழைகிற ஓட்டை வழியாக ஒரு குரல்.

"அண்ணே."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே... மூச்சு மிஷின்... நின்னு போச்சு." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் இழுப்பு. "உங்க பக்கம்... சுவிட்ச் அணைஞ்சிடுச்சா... பாருங்கண்ணே."

பிரிட்ஜ் பிளக்கை எப்போது பிடுங்கினாள், ஸ்டோர் ரூம் சுவிட்சை எப்போது போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று மெல்ல இரைய ஆரம்பித்தது. அவள் ஓட்டையில் காதை வைத்து, அந்த மூச்சு ஒரு நிதானத்துக்கு வரும்வரை, தன் மூச்சு அந்தப் பக்கம் கேட்டுவிடாதபடி குந்தியிருந்தாள்.

"வந்துடுச்சுண்ணே," என்றது குரல். "சீக்கிரம் உள்ள போங்க. அண்ணிக்குத் தெரிஞ்சா உங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க."