பதினொரு சதவீதக் கவனம்

"அந்தப் பதினேழாம் நம்பர் அம்மா மறுபடியும் திரும்பிட்டாங்க, பாருங்க!"

ஆன்லைன் பயிற்சி வகுப்பை நடத்திக்கொண்டிருந்தவள் மைக்கை மூடிவிட்டுச் சலித்துக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர்காரர் எட்டிப் பார்த்தார். திரையில் நாற்பது கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு முகம். எல்லாரும் ஒரே ஆஸ்பத்திரியின் பல கிளைகளில் போன் எடுத்துப் பேசுகிறவர்கள். பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான்.

"வாய் வேற ஓயாம ஆடுது. யார்கிட்டயோ ஊர்க்கதை அளக்குறாங்க."

"சாப்பாட்டு நேரம் தாண்டினாலே அப்படித்தான் மேடம். நானே பாதித் தூக்கத்துலதான் இருக்கேன்."

"உங்களுக்கென்ன! ஒருத்தர் கவனம்கூடச் சிதறாதுன்னு வாக்குக் கொடுத்துல்ல இந்த வேலையை வாங்கியிருக்கேன்?"

கொடுத்த வாக்குக்காகப் பாடும் பட்டாள். பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி, நடுநடுவே ஒரு ஜோக். முகம் திரைப் பக்கம் இருக்கிறதா என்று நொடிக்கு நொடி கணக்கெடுக்க ஒரு மென்பொருள் வேறு.

"பதினேழு! அழுதுகிட்டே போன் பண்றவங்ககிட்ட முதல்ல என்ன கேட்கணும்?"

அந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "மன்னிச்சிடுங்க மேடம்... கேள்வியை இன்னொரு தடவை..."

"வேண்டாம். பதினெட்டு, நீங்க சொல்லுங்க."

"எங்கேயிருந்து பேசுறீங்கன்னு கேட்கணும் மேடம். லைன் கட்டாயிட்டாலும் ஆளை அனுப்பிடலாம்ல?"

பதினெட்டாம் நம்பர் பெண் பட்டென்று சொன்னாள். காலையிலிருந்து அவள் முகம் இம்மியும் அசையவில்லை.

அடுத்த ஸ்லைடு வந்ததும் பதினேழு மறுபடி திரும்பினாள். நடத்துகிறவளுக்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் பார்க்கிற மெசேஜ் பெட்டியில் தட்டினாள்:

'பதினேழு, பக்கத்துல சினிமா ஓடுதா? எங்களுக்கும் டிக்கெட் கிடைக்குமா?'

சிரிக்கும் பொம்மைகள் வந்து குவிந்தன. பதினேழு படித்தாள். தலை குனிந்தது. ஒரு நிமிடம்தான். பிறகு அதே பக்கம், அதே வாயசைப்பு.

"பாருங்க, எவ்வளவு அலட்சியம்!"

"விட்டுடுங்க மேடம். இந்தச் சான்றிதழ் வந்தாத்தான் தற்காலிக ஆளுங்களுக்கு வேலை நிரந்தரம்னு தலைமை அலுவலகத்துல காலையில சொன்னாங்களே."

"அந்தப் பயம் அவங்களுக்கில்ல இருக்கணும்?"

மவுஸை ஒரு சொடுக்குச் சொடுக்கினாள். பதினேழாம் கட்டம் மறைந்தது.

சாயங்காலம் கவனப் பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போனது. பிறகு திரையிலும் வந்தது. முதல் வரியில் பதினெட்டு, நூறு சதவீதம். கடைசி வரி சிவப்பில்: பதினேழு, பதினொரு சதவீதம், சான்றிதழ் இல்லை.

"பதினெட்டு, முதல் பரிசு உங்களுக்குத்தான்! முகத்தைத் திருப்பவே இல்லையே, எப்படிம்மா?"

அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"எனக்குக் கண்ணு தெரியாது மேடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒண்ணுதான். ஸ்லைடு, மெசேஜ் எல்லாத்தையும் பக்கத்து மேசை அக்காதான் ஒரு வரி விடாம படிச்சுச் சொன்னாங்க. மத்தியானம் அவங்க கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆயிடுச்சாம். அப்பவும் நாற்காலியை இங்க இழுத்துப் போட்டுக்கிட்டுச் சொன்னாங்க. பரிசு அவங்களுக்குத்தான் சேரணும் மேடம்."

பதினெட்டாம் கட்டத்தின் ஓரத்தில், நாற்காலி முதுகைப் பிடித்தபடி ஒரு கை. நடத்துகிறவள் அதை இப்போதுதான் பார்த்தாள்.

மைக்கை மூடினாள். "கடவுளே... அந்தப் பட்டியலைத் திரும்ப வாங்க முடியுமா?"

"போய்ச் சேர்ந்துடுச்சு மேடம். திருத்தம் அனுப்பிப் பார்ப்போம், ஏத்துக்கிட்டா சரி." கம்ப்யூட்டர்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்த சினிமா மெசேஜை எல்லாரும் படிச்சிட்டாங்களே."

திரையில் பட்டியல் அப்படியே நின்றது.

"அக்கா, ஏன் எல்லாரும் அமைதியாயிட்டாங்க? இப்ப ஸ்லைடுல என்ன இருக்கு?"

கட்டத்துக்கு வெளியே இருந்து குரல் ஒன்று மெல்லக் கேட்டது.

"உன் நம்பர்தான் முதல்ல இருக்குடி. வேற ஒண்ணும் இல்ல."