குழாய் அடங்கிய காலை

"மேடம், குழாய் மறுபடியும் ஆடுது. முன்னைவிட ஜாஸ்தி" என்றார் ஆபரேட்டர், போனில்.

இன்ஜினியர் போனை வைத்துவிட்டு எழுந்தாள். நேற்றுதான் பம்பிலிருந்து வரும் அந்தக் குழாய்க்கு வளைவுக்கு வளைவு தாங்கி வைத்து, கவ்விகளை முறுக்கி, "இனிமே ஆடினா என்னைக் கேளுங்க சார்" என்று மேனேஜரிடம் மார்தட்டியிருந்தாள். அவர் பார்க்க வரும் நேரம் வேறு.

ஓடினாள். தாங்கியும் கவ்வியும் வைத்தது வைத்தபடி இருந்தன. குழாய் மட்டும் பேய் பிடித்ததுபோல் உதறியது.

"எப்போலேர்ந்து அண்ணே ஆடுது?"

"நான் ஷிப்டுக்கு வந்தப்ப ஒரு அசைவும் இல்ல மேடம். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு."

"ஆடலைன்னா எதுக்குப் பகீர்ங்குது?"

"பம்பு நின்னுபோச்சுன்னு நினைச்சேன். சட்டுனு ஸ்பேர் பம்பைப் போட்டுட்டேன்."

இரண்டு பம்பும் ஒரே குழாயில் முட்டி மோதிக்கொண்டிருந்தன.

"மீட்டரைப் பாக்கலையா?"

"மீட்டரை யாரு மேடம் பாத்தா? வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து குழாயோட சேர்ந்து என் நாற்காலி ஆடினா பம்பு ஓடுதுன்னு அர்த்தம்."

சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஸ்பேர் பம்பை நிறுத்தினாள். குழாய் பெட்டிப்பாம்பாய் அடங்கியது.

நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்த ஆபரேட்டர், அடுத்த நொடி பதறி எழுந்தார்.

"பாத்தீங்களா மேடம், மறுபடியும் நின்னுபோச்சு."