கோபுரக் கப்பல்

“ஆகாசத்துல போற கப்பலுக்குக் கோபுரம் எதுக்குடா?” என்று எட்டாம் வகுப்பில் ஆசீர் கேட்டான்.

“எவ்வளவு தூரம் போனாலும் ஊரு ஞாபகம் இருக்கணும்ல” என்றான் மாதவன், நோட்டில் வரைந்துகொண்டே.

முப்பது வருடம் கழித்து, ஆசீர் இயக்கிய அனிமேஷன் படத்தில் அந்தக் கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவே பறந்தது. கதை, சண்டை, அரக்கன் எல்லாமே வெளிநாட்டுப் படங்களில் பார்த்தவை என்று பாதிப் பேர் திட்டினார்கள். கோபுரக் கப்பலுக்காகவே பார்க்கலாம் என்று மீதிப் பேர் கொண்டாடினார்கள்.

திருச்சியில் படம் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்தும் மாதவனின் மனைவி பானுமதிக்கு ஆறவில்லை.

“படத்துல உருப்படியா இருக்குறதே உங்க கப்பல்தான். ஒரு வார்த்தை கேட்டாரா உங்க ஃப்ரெண்டு?”

“இல்ல.”

“பரண்ல அந்த நோட்டு இருக்கும், எடுங்க. ஃபோட்டோ புடிச்சுப் போடுறேன்.”

“அவன் பொழப்பே போயிடும் பானு.”

“காப்பியடிக்கிறப்ப அது தெரியலையா?”

மாதவன் பரணில் ஏறினார். நோட்டு கிடைத்தது. கப்பலுக்குக் கீழே பென்சிலில் அவர் பெயர் இருந்தது.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் ஆசீரைப் பார்த்து எழுதியது மாதவன்தான். பிடிபட்டபோது, “நான்தான் சார் அவனைப் பார்த்து எழுதினேன்” என்று எழுந்து நின்றது ஆசீர். அவனுக்கு ஒரு வருடப் படிப்பு போனது. இதை மாதவன் பானுமதியிடம்கூடச் சொன்னதில்லை.

“கிடைச்சுதாங்க?” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

“தேடுறேன்.”

எச்சில் தொட்டுத் தன் பெயரை அழித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த இடத்தில் ‘ஆசீர்’ என்று எழுதினார்.