சோணை சொல்லாமல் விட்டது

மலேசியாவிலிருந்து தொழில் பழக வந்த மலையாண்டிக்கு, பம்புப் பட்டறையில் காயில் கட்டும் சோணை வேண்டுமென்றேதான் அரைகுறையாகச் சொல்லிக் கொடுத்தான்.

மோட்டார் காயிலை வார்னிஷில் முக்குவதற்கு முன்னால் சூடு காட்டி ஈரத்தைப் போக்க வேண்டும். இல்லையென்றால் நாலு மாதத்தில் மோட்டார் புகைந்துவிடும். அதை மட்டும் சொல்லவில்லை. காலையில் ஆள் வருவதற்குள் காதும் காதும் வைத்தாற்போல் தானே முடித்துவிடுவான்.

எல்லாம் பயம்தான். பயம் வந்தால் நல்ல மனுஷனுக்கும் புத்தி கோணத்தான் செய்யும். முதலாளி ஹாலாஸ்யம் மலேசியாவில் பம்பு கம்பெனி திறக்கப் போகிறார், அது ஓட ஆரம்பித்ததும் மேலூர் ரோட்டுப் பட்டறையை இழுத்து மூடிவிடுவார் என்று எழுபத்தெட்டாம் வருஷம் முழுக்க இதே பேச்சு.

"அம்புட்டையும் சொல்லிக் குடுத்துட்டு நாம தெருவுல நிக்கவா?" என்று பெண்டாட்டி ரெங்கம்மாள் வேறு தூபம் போட்டாள்.

மலையாண்டி ஊருக்குக் கிளம்புகிற அன்று முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். அந்த நாட்டில் வெளிநாட்டுப் பம்புக்கு வரியை ஏற்றிவிட்டார்களாம். முழுப் பம்பாக அனுப்பினால் இனி விலை போகாது. இரும்புச் சாமான்களை இங்கே வார்த்து அனுப்பி, காயிலை அங்கே கட்டிச் சேர்த்தால்தான் விற்கும் என்றார்.

"அங்கே நாலு மோட்டார் புகைஞ்சு பேரு கெட்டா, இங்கேயும் உலையை அணைச்சுட வேண்டியதுதான்."

சோணை மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். சொன்னால் தன் வேலை போகும். சொல்லாவிட்டால் பட்டறையே போகும். எல்லார் சோற்றிலும் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு கோரிப்பாளையம் லாட்ஜுக்கு ஓடினான்.

மலையாண்டி பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். சோணை கதவைச் சாத்திவிட்டு, நாக்குக் குழற எல்லாவற்றையும் கொட்டினான்.

"தெரியும்ணே. மொத வாரமே ஒரு நாள் சீக்கிரம் வந்தப்ப ஜன்னல் வழியாப் பார்த்துட்டேன்."

சோணை கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"பெறகு ஏன் தம்பி மொதலாளிட்டச் சொல்லல?"

"சொன்னா உங்களை நிறுத்திருவார்ல" என்றான் மலையாண்டி. "உங்க கம்பெனி வருது, போட்டி போட முடியாதுன்னு எங்க ஊர்ல ஒரு பம்புப் பட்டறையை மூடிட்டாங்க. அங்க காயில் கட்டிக்கிட்டிருந்தது எங்க அண்ணன். வேலை போன வீடு எப்படி இருக்கும்னு பார்த்துட்டுத்தாண்ணே இங்க வந்திருக்கேன்."